‘வின்’ என்ற ஆங்கிலச் சொல்லின் சொந்தபந்தங்கள்

சில ஆண்டுகளுக்கு முன்பு பழைய சுரங்க அறிக்கை ஒன்றைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்தது. அதில் ஓரிடத்தில் நிலக்கரியை ‘வின்’ செய்வது பற்றி எழுதியிருந்தார்கள். ஆங்கிலத்தில் வெற்றியைக் குறிக்கும் அந்தச் சொல் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம் என்பதால், சற்றும் யோசிக்காமல் ‘நிலக்கரியை வெல்லுதல்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். பிழை பார்த்தவர் அந்த வரியின் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுத் திருப்பி அனுப்பினார். நிலக்கரியோடு யார் போரிட்டார்கள் என்று அவர் கேட்காமல் விட்டது அவருடைய பெருந்தன்மை. அகராதியைப் புரட்டிய பிறகுதான், மண்ணுக்கடியில் கிடக்கும் கனிமத்தைத் தோண்டி எட்டிப் பிடித்து வெளியே கொண்டுவருவதையும் அந்தச் சொல் குறிக்கும் என்பதும், அது புதிதாக ஒட்டிக்கொண்ட பொருள் அல்ல, சொல்லின் பழைய உடம்பில் எஞ்சி நிற்கும் பகுதி என்பதும் தெரியவந்தது. அன்று பிடித்த நூலின் மறுமுனையைத் தேடிப் போனதில் கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பழைய ஆங்கிலத்தில் இந்த வினைச்சொல்லின் வடிவம் ‘வின்னன்’ என்பதாகும். உழைத்தல், பாடுபடுதல், போராடுதல், மல்லுக்கட்டுதல் ஆகியவையே அதன் பொருள்கள். போராடியவன் ஜெயித்தானா தோற்றானா என்பதைப் பற்றி அந்தச் சொல்லுக்குக் கவலையே இல்லை. இதற்கு நான் கண்ட மிகச் சிறந்த சான்று, ஏறத்தாழ கி.பி. 1000-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஒரே ஒரு கைப்பிரதியில் நமக்குக் கிடைத்திருக்கும் பியோவுல்ஃப் காவியத்தில் இருக்கிறது. தன்னுடைய அரசனின் அவைக்கு விருந்தாளியாக வந்திருக்கும் வீரனைப் பார்த்து உன்ஃபெர்த் என்பவன் பொறாமையோடு ஒரு கேள்வி கேட்கிறான்: அகன்ற கடலில் பிரெக்காவோடு போட்டியிட்ட பியோவுல்ஃப் நீதானா? இந்தப் ‘போட்டியிட்ட’ என்பதற்குக் கவிஞர் பயன்படுத்தும் சொல் ‘வுன்னெ’, அதாவது வின்னன் என்ற வினையின் இறந்தகால வடிவம். இன்றைய ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் இதைப் பார்த்தால், பிரெக்காவை வென்ற பியோவுல்ஃப் என்று படித்துவிடுவார். ஆனால் உன்ஃபெர்த்தின் பேச்சு அடுத்த சில வரிகளில் எங்கே போகிறது என்று பாருங்கள். ஏழு இரவுகள் இருவரும் நீரில் பாடுபட்டதாகவும், முடிவில் பிரெக்காவே நீச்சலில் மிஞ்சினான், அவனுக்கே வலிமை அதிகம் என்றும் அவன் குத்திக்காட்டுகிறான். தோற்றவன் என்று ஒருவனை ஏளனம் செய்கிற அதே மூச்சில் அவனுக்கு வின்னன் என்ற வினையைச் சூட்ட முடிந்திருக்கிறது. மிஞ்சியதைச் சொல்ல வந்தபோது கவிஞர் முற்றிலும் வேறான இன்னொரு வினைக்குப் போய்விடுகிறார்.

அப்படியானால் வெற்றி என்ற பொருள் எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் வின்னன் என்பதற்குப் பக்கத்திலேயே ‘யெவின்னன்’ என்று இன்னொரு வினை இருந்தது. முன்னால் ஒட்டியிருக்கும் ‘யெ’ என்ற முன்னொட்டு, செயல் முற்றுப்பெற்றுப் பலன் கைக்கு வந்துவிட்டதைக் காட்டுவது. தமிழில் இதைப் புரிந்துகொள்வதற்குக் கடினமே இல்லை, ஏனென்றால் அந்த வேலையை நாம் சொல்லுக்குப் பின்னால் வைத்துச் செய்கிறோம். ‘பிடித்தான்’ என்பதற்கும் ‘பிடித்துவிட்டான்’ என்பதற்கும் நடுவில் உள்ள இடைவெளி எதுவோ, ஏறக்குறைய அதுதான் வின்னனுக்கும் யெவின்னனுக்கும் நடுவில் இருந்த இடைவெளி. முன்னது பாடுபடுவது, பின்னது பாடுபட்டுப் பெற்றுவிடுவது. காலப்போக்கில் அந்த முன்னொட்டு ஆங்கிலத்தில் தேய்ந்து, மெலிந்து, இல்லாமலே போயிற்று. முன்னொட்டு உதிர்ந்ததும் இரண்டு வினைகளும் ஒரே ஒலியாகிவிட்டன. ஒரே வீட்டில் குடியிருக்க நேர்ந்த அந்த இரண்டு பொருள்களில், பலனைக் குறித்தது மெல்ல மெல்ல வீட்டையே எடுத்துக்கொண்டது, பாடுபடுவதைக் குறித்தது திண்ணைக்குத் தள்ளப்பட்டது. போட்டியிலோ போரிலோ வாகை சூடுவது என்ற இன்றைய பொருளில் இந்தச் சொல் எழுத்தில் தென்படுவது 1300-ஐ ஒட்டித்தான்.

ஜெர்மன் மொழி அந்த முன்னொட்டைக் கைவிடவில்லை. ‘கெவின்னென்’ என்று இன்றும் முழுசாகச் சொல்கிறார்கள். வெல்வதற்கும் அதே சொல், இலாபம் ஈட்டுவதற்கும் அதே சொல், கனிமத்தைப் பிரித்தெடுப்பதற்கும் அதே சொல். நான் சறுக்கி விழுந்த அந்தச் சுரங்கப் பொருள் அங்கே அன்றாட வழக்கு என்பதை அறிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பாடுபடுவதைக் குறிக்கும் சொல் பெறுவதைக் குறிக்கத் தொடங்குவது ஒன்றும் விசித்திரமான நடப்பு அல்ல. நம்முடைய ‘தேடு’ என்ற சொல்லே அந்த வழியில் வந்ததுதான். காணாமல் போனதைத் தேடுகிறோம், அங்கே தேடுவது வேறு, கிடைப்பது வேறு. ஆனால் ‘தாத்தா தேடி வைத்த சொத்து’ என்று சொல்லும்போது அந்தத் தாத்தா சொத்தைத் தொலைத்துவிட்டுத் தேடியதாக யாரும் நினைப்பதில்லை. ‘திரைகடல் ஓடியும் திரவியம் தேடு’ என்ற ஔவையின் வரியிலும் தேடு என்பது சம்பாதி என்றே பொருள்படும். ஆங்கிலத்தில் குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போடுகிறவரை ‘பிரெட்வின்னர்’ என்கிறார்களே, அந்தச் சொல்லில் உள்ள வின்னரும் இந்த வகையைச் சேர்ந்தவர்தான். அவர் ரொட்டிக்காக நடந்த பந்தயத்தில் கோப்பை வாங்கியவர் அல்லர், உழைத்து ரொட்டியைத் தேடியவர்.

வடக்கே ஐஸ்லாந்து மொழிக்குப் போனால் கதை இன்னும் சுவையாகிறது. அங்கே ‘வின்னா’ என்ற வினைக்கு வேலை செய்தல் என்றும் பொருள், வெல்லுதல் என்றும் பொருள். பெயர்ச்சொல்லாக வரும்போது அது வெறும் வேலை. ‘அத்வின்னா’ என்றால் பிழைப்புக்கான தொழில். ஆகவே ‘அவள் வின்னா செய்துகொண்டிருக்கிறாள்’ என்ற வகையில் ஒருவர் சொன்னால், அவள் அலுவலகத்தில் இருக்கிறாளா, ஆட்டத்தில் முன்னணியில் இருக்கிறாளா என்பதைச் சூழலை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அதன் அக்கம்பக்கத்து உறவான ஸ்வீடிஷ் மொழியில் அதே வடிவம் வெல்வதற்கு மட்டும் ஒதுங்கிவிட்டது, வேலைக்கு வேறு சொல் வந்துவிட்டது.

ஜெர்மானியக் குடும்பத்தில் இதைவிடப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது, என்னை அதிகம் யோசிக்க வைத்ததும் அதுதான். நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் விவிலியத்தைக் காத்திக் மொழியில் பெயர்த்தார். அந்த மொழிபெயர்ப்பின் புகழ்பெற்ற பிரதி, ஊதா நிறத் தோல் ஏடுகளில் வெள்ளியாலும் பொன்னாலும் ஆன மையில் எழுதப்பட்டு, இன்று ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. மாற்கு நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில், மனிதகுமாரன் பல பாடுகள் படவேண்டும் என்று வரும் இடத்தில், பாடுபடுதல் என்பதற்கு வுல்ஃபிலா தேர்ந்தெடுத்த காத்திக் சொல் என்ன தெரியுமா? ‘வின்னன்’. எழுத்துக்கு எழுத்து அதே சொல். காத்திக்கில் அதற்குத் துன்பப்படுதல், வேதனையை அனுபவித்தல் என்பதே பொருள். தமிழ் விவிலியமும் அந்த இடத்தில் ‘பாடு’ என்ற சொல்லையே கையாள்வதைப் பார்த்தபோது, உழைப்பையும் துன்பத்தையும் ஒரே சொல்லால் குறிக்கும் நம் ‘பாடுபடு’ என்ற வினைதான் வின்னனுக்கு மிக நெருங்கிய தமிழ் என்று எனக்குத் தோன்றியது. எந்த அகராதியும் அப்படிச் சொல்லப் போவதில்லை என்றாலும் நான் அதில் உறுதியாக இருக்கிறேன்.

இனி ஜெர்மானிய வீட்டைத் தாண்டி அதன் மூதாதையரிடம் போவோம். ஐரோப்பிய மொழிகளில் பெரும்பாலானவையும் சமஸ்கிருதமும் ஈரானிய மொழிகளும் ஒரே பழைய மொழியிலிருந்து கிளைத்தவை என்பதும், அந்த மூலமொழி எழுத்தில் எங்கும் கிடைக்காததால் அதன் வேர்களை அறிஞர்கள் ஒப்பிட்டு மீட்டெடுக்கிறார்கள் என்பதும் பலரும் அறிந்ததே. வின் என்பதற்கு அவர்கள் காட்டும் வேர் ‘வென்’ என்பதாகும். விரும்புதல், விரும்பியதை அடைய முனைதல் என்பது அதன் பொருள். அதாவது வெற்றிக்குப் பின்னால் உழைப்பு, உழைப்புக்குப் பின்னால் ஆசை.

ஆசை என்ற அந்த வேரிலிருந்து லத்தீனில் கிளைத்த சொல்லைச் சொன்னால் நம்புவதற்குக் கொஞ்சம் நேரமாகும்: வீனஸ். அது முதலில் காதல், கவர்ச்சி, வசீகரம் என்ற பொருள் தரும் சாதாரணப் பெயர்ச்சொல்லாக, அதுவும் அஃறிணைச் சொற்களின் வடிவில் இருந்து, பிறகே தெய்வத்தின் பெயராயிற்று. அந்தத் தெய்வத்தின் பெயர் வெள்ளிக் கோளுக்கு வந்தது. அந்தக் கோளின் பெயர் பிரெஞ்சில் கிழமைக்கு வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வெள்ளிக்கிழமையை ‘வாந்த்ரெதி’ என்பதும் நாம் வெள்ளி என்பதும் ஒரே கோளைப் பார்த்துத்தான். தெய்வத்தை வழிபடுதல், பயபக்தியோடு போற்றுதல் என்று பொருள்படும் ‘வெனரேட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இந்தக் கிளைதான். இவற்றையெல்லாம்விட வியப்பானது ‘வெனம்’, அதாவது நஞ்சு. லத்தீனில் அதன் முன்னோடியான ‘வெனேனும்’ முதலில் காதலை மூட்டுவதற்காகக் கொடுக்கும் மருந்தைக் குறித்ததாகவும், பிறகு ஆளை மயக்கும் எந்த மருந்துக்கும் ஆகி, இறுதியில் கொல்லும் மருந்துக்கு வந்து நின்றதாகவும் விளக்குகிறார்கள். வசிய மருந்து நஞ்சாகிப் போன கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த மாற்றத்துக்கு உரை வேண்டியதில்லை.

சமஸ்கிருதத்தில் அந்த வேர் ‘வன்’ என்று நிற்கிறது. விரும்புதல், பெறுதல், வெல்லுதல் ஆகிய மூன்றையும் வேதகால மொழியில் அந்த ஒரே வினை சுமந்தது. வீனஸுக்கு நேர் உடன்பிறப்பாக ‘வனஸ்’ என்ற சொல்லும் அங்கே உண்டு. இவை நமக்குத் தூரத்துச் செய்திகள் போலத் தோன்றலாம். ஆனால் அந்தக் கிளையிலிருந்து இரண்டு சொற்கள் தமிழுக்குள்ளேயே வந்து நெடுங்காலமாகக் குடியிருக்கின்றன. ஒன்று ‘வனிதை’. விரும்பப்பட்டவள் என்பது அதன் வேர்ப்பொருள். மற்றொன்று ‘வாஞ்சை’. வாஞ்சையோடு விசாரித்தார் என்று நாம் எழுதும் அந்தச் சொல்லுக்கு நேர் உறவு ஜெர்மனில் விருப்பத்தைக் குறிக்கும் ‘வுன்ஷ்’, ஆங்கிலத்தில் ‘விஷ்’. வாஞ்சையிலும் வுன்ஷிலும் உள்ள மூக்கொலி விஷ் என்பதில் எங்கே போயிற்று என்று கேட்டால், அதற்கும் ஒழுங்கான விடை இருக்கிறது. சில உரசொலிகளுக்கு முன்னால் நின்ற மூக்கொலியை ஆங்கிலம் பழங்காலத்திலேயே இழந்துவிட்டது. ஜெர்மனில் வாத்தினப் பறவை ‘கான்ஸ்’, சமஸ்கிருதத்தில் ‘ஹம்ச’, ஆங்கிலத்தில் ‘கூஸ்’. எங்களை என்பது ஜெர்மனில் ‘உன்ஸ்’, ஆங்கிலத்தில் ‘அஸ்’. இப்படி வரிசையாக ஒரே இடத்தில் ஒரே ஒலி காணாமல் போவதால்தான் இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாமல் உறவு என்று ஒப்புக்கொள்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு சிறு எச்சரிக்கை. ஆங்கில ‘விஷ்’ என்பதற்கும் நம் வழக்கில் உள்ள ‘விஷம்’ என்பதற்கும் ஒட்டுறவு கிடையாது. விஷத்தின் ஐரோப்பிய உறவு லத்தீனில் நஞ்சைக் குறித்த ‘வைரஸ்’ என்ற சொல். ஒலி பிடித்து இழுக்கும் இடத்துக்கெல்லாம் போனால் இந்தத் துறையில் ஒரு நாளில் ஊர் சுற்றிவிடலாம், வீடு போய்ச் சேர முடியாது.

ஆங்கிலத்துக்குள்ளேயே உள்ள உறவினர்களையும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பழக்கம் என்று பொருள்படும் ‘வோன்ட்’, குழந்தையைத் தாய்ப்பால் மறக்கச் செய்து வேறு உணவுக்குப் பழக்குவதைக் குறிக்கும் ‘வீன்’ ஆகிய இரண்டும், விரும்பியது பழகிப்போகும் என்ற வழியில் வந்தவை. ஜெர்மனில் குடியிருத்தலைக் குறிக்கும் ‘வோனென்’ என்பதும் பழகிய இடத்தில் தங்குவது என்ற அளவில் இவற்றின் தம்பி. மனத்தைக் கவரும் தோற்றத்தைக் குறிக்கும் ‘வின்சம்’ என்ற சொல்லைப் பார்த்து, வெல்லும் அழகு என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அதன் முதல் பாதி, மகிழ்ச்சியைக் குறித்த பழைய ஆங்கிலப் பெயர்ச்சொல். ரூனிக் என்ற பழைய ஜெர்மானிய எழுத்துமுறையில் அந்தப் பெயரையே தாங்கிய எழுத்தொன்றைப் பழைய ஆங்கிலேயர்கள் தங்கள் நெடுங்கணக்கில் சேர்த்து வகர ஒலிக்குப் பயன்படுத்தினார்கள். வின்னன் என்று அவர்கள் எழுதியபோது அதன் முதலெழுத்தின் பெயரே மகிழ்ச்சி! நண்பனைக் குறித்த ‘வினெ’ என்ற பழைய சொல்லும் இந்தக் குடும்பம்தான். எட்வின், பால்ட்வின், காட்வின் போன்ற பெயர்களின் இறுதியில் இருப்பது வெற்றி அல்ல, அந்த நண்பனே.

மீட்டெடுத்த வேர் ‘வென்’ என்று மேலே எழுதியபோதே, வாசகர்களில் சிலர் ‘வென்றான்’ என்ற தமிழ் வினையை நினைத்திருப்பீர்கள். எனக்கும் முதலில் உடம்பு சிலிர்த்தது. ஆனால் வென்றான் என்பதில் உள்ள னகரம் வேரைச் சேர்ந்ததில்லை. வேர் ‘வெல்’. வெல்க, வெல்லும், வெல்வான் என்று மற்ற வடிவங்களைப் பார்த்தால் லகரமே நிற்கும். இறந்தகால இடைநிலை வந்து சேரும்போதுதான் லகரம் னகரமாகத் திரிகிறது. செல் என்பது சென்றான் ஆவதும், கொல் என்பது கொன்றான் ஆவதும் இதே திரிபுதான். உலகத்துச் சொற்களெல்லாம் நம் சொல்லிலிருந்து போயின என்று எழுதுவது கைதட்டல் வாங்கித் தரும். ஆனால் நம் சொந்த இலக்கணம் அறிந்த ஒருவர் ஒரே நிமிடத்தில் அதைக் கலைத்துவிட முடியும் என்பதை நினைவில் வைப்பது நல்லது.

ஏமாற்றும் ஒற்றுமை ஐரோப்பாவுக்குள்ளும் உண்டு. ‘விக்டரி’ என்ற சொல்லுக்கு மூலமான லத்தீன் வினை ‘வின்கெரெ’. பார்வைக்கு அது வின் என்பதன் அண்ணன் போல இருக்கும். ஆனால் அதில் உள்ள னகரம் நிகழ்கால வடிவத்துக்காக நடுவில் செருகப்பட்டது மட்டுமே. கி.மு. 47-இல் சீலா போருக்குப் பிறகு ஜூலியஸ் சீசர் சொன்னதாக வழங்கும் ‘வேனி, வீதி, வீகி’ என்ற மூன்று சொல் அறிக்கையின் கடைசிச் சொல்லைப் பாருங்கள், வென்றேன் என்று பொருள்படும் அந்த வடிவத்தில் னகரமே இல்லை. போரிடுதல் என்ற வேறொரு வேரிலிருந்து வந்த அந்தச் சொல்லின் ஜெர்மானிய உறவு, லுட்விக் என்ற பெயரின் இறுதிப் பகுதியில் இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் வெற்றிக்கென்றே ஒரு பெயர்ச்சொல் இருந்தது: ‘சியெ’. ஜெர்மனில் இன்றும் வழங்கும் ‘சீக்’ அதன் உடன்பிறப்பு. ஆங்கிலம் அந்தச் சொல்லைத் தொலைத்துவிட்டு, பிரெஞ்சு வழியாக விக்டரியை 1300 வாக்கில் வாங்கிக்கொண்டது. வின் என்ற வினை வெற்றியின் பக்கம் சாய்ந்ததும் ஏறக்குறைய அதே காலம். ஒரு வீடு காலியானதால்தான் மற்றவர்கள் குடியேறினார்களோ என்பது என் ஊகம், அதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. தொலைந்த அந்தச் சொல்லின் வேர் சமஸ்கிருதத்தில் ‘ஸஹ்’. அதற்கு அடக்கி வெல்லுதல் என்றும் பொருள், தாங்கிக்கொள்ளுதல் என்றும் பொருள். தமிழில் நாம் சகித்துக்கொள்வதும், சாகசம் செய்வதும் அந்த ஒரே வேரின் புண்ணியத்தில்தான். காத்திக் மொழியில் வின்னன் துன்பப்படுவதாக இருந்ததையும், இங்கே சகித்தலும் வெல்லுதலும் ஒட்டிப் பிறந்திருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

இந்த இரண்டு வேர்களும் ஒரே அடியில் அடுத்தடுத்து வரும் இடம் ஒன்று ரிக் வேதத்தின் முதல் மண்டலத்தில், 132-ஆம் பாடலின் தொடக்கத்திலேயே இருக்கிறது. இந்திரனை அழைத்து, எங்களோடு போரிடுபவர்களை நாங்கள் அடக்குவோமாக என்னும் இடத்தில் ‘ஸாஸஹ்யாம’ என்றும், அதைத் தொடர்ந்து ‘வனுயாம வனுஷ்யத:’ என்றும் வருகிறது. முதல் வினை ஆங்கிலம் தொலைத்த சியெ என்பதன் உறவு, இரண்டாவது ஆங்கிலம் இன்றுவரை வைத்திருக்கும் வின் என்பதன் உறவு. வெல்ல வருகிறவர்களை வெல்வோமாக என்று அந்தக் கடைசி இரண்டு சொற்களை எளிதாகத் தமிழாக்கிவிடலாம். ஆனால் வன் என்ற வேரின் பழைய ஆசையும் அதில் இருக்கிறதென்றால், நம்முடையதை விரும்பி வருகிறவர்களிடமிருந்து நாம் விரும்பியதைப் பெறுவோமாக என்றும் அதைப் படிக்க முடியும். இரண்டையும் ஒரே வினையில் அடக்கும் தமிழ்ச் சொல்லுக்காகக் குறிப்பேட்டில் அந்த வரிக்கு எதிரே இடம் விட்டு வைத்திருக்கிறேன். சிவப்பு மைக் கேள்விக்குறியை இந்த முறை நானே போட்டுக்கொண்டேன்.